குழந்தையோடு அனிமேஷன் படமா? முதலில் ஓரத்து சீட்டைப் பிடியுங்கள்

டிக்கெட் போடும்போது எல்லோரும் நட்டநடு சீட்டைத்தான் தேடுவார்கள். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். நடைபாதையை ஒட்டிய ஓரத்து சீட், கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், கொஞ்சம் பின்வரிசையாக. படம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்துத்தான் "பாத்ரூம் வருது" என்று காதில் சொல்லும். அப்போது இருட்டில் பத்துப் பேர் முழங்காலைத் தாண்டிப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காட்சி நேரத்தைக் குழந்தையின் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள், உங்கள் வசதியை வைத்து அல்ல. காலைக் காட்சி நல்லது. அனிமேஷன் படங்கள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் விளம்பரமும் ட்ரெய்லரும் ஓடுமே, அதிலேயே பாதிப் பொறுமை தீர்ந்துவிடும். ஆகவே நான் கடைசி நிமிடத்தில்தான் உள்ளே கூட்டிப்போவேன். விளக்கு முழுதாக அணைவதற்குள் உட்கார்ந்துவிட்டால் போதும்.

3டி வேண்டாம், நாலைந்து வயது வரைக்குமாவது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படத்தைப் பிரித்துக் கொடுப்பதால் அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், திரை மங்கலாகத் தெரியும். கண்ணாடியும் பெரும்பாலும் பெரியவர்கள் மூக்குக்குச் செய்தது, நழுவிக்கொண்டே இருக்கும். கழற்றினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், அப்புறம் அழுகை. 2டி காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். மொழியையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தையால் சப்டைட்டிலைத் துரத்த முடியாது.

சத்தம் இன்னொரு தலைவலி. வீட்டு டிவியில் பழகிய காதுக்குத் தியேட்டர் சத்தம் இடி மாதிரி விழும். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காராதீர்கள், சத்தத்துக்கு மிரளுகிற குழந்தை என்றால் காதை மூடும் ஹெட்போன் ஒன்று பையில் இருக்கட்டும். சில தியேட்டர்களில் விளக்கை முழுதாக அணைக்காமல், சத்தத்தையும் குறைத்து, குழந்தைகள் எழுந்து நடமாட விட்டுத் தனிக் காட்சி போடுகிறார்கள். கிடைத்தால் முதல் படத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

கதையை முன்கூட்டியே படித்துவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. பொம்மைப் படம்தானே, பயமுறுத்த என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது: அதிக வசூல் செய்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களைப் பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டால், முக்கியப் பாத்திரம் சாகிற வாய்ப்பு அனிமேஷனில்தான் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாம். அதிலும் அம்மா அப்பாக்கள் பாடு ரொம்ப மோசம். அந்தக் காட்சி வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முடிவை முன்பே சொன்னால் சுவாரசியம் போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள், ஒரே கதையை நூறு தடவை கேட்கிற கூட்டம் அது.

மடி என்றதும் நினைவு வருகிறது. மடங்கும் சீட்டில் எடை குறைந்த குழந்தையைத் தனியே விட்டால் சீட் அப்படியே அதை மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். என் மகளை இரண்டு கால் மட்டும் வெளியே தெரிய மீட்டேன், அவள் சிரித்தாள், எனக்குத்தான் உயிர் போனது. உயரம் கூட்டும் குஷன் இருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே கேட்டு வாங்குங்கள்.

பாதியில் அழ ஆரம்பித்தால் வெளியே கூட்டிப்போங்கள், இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, வீட்டுக்குக் கிளம்புங்கள். டிக்கெட் காசை நினைத்து உட்கார வைத்தால் அடுத்த முறை தியேட்டர் வாசலிலேயே அழும்.

கடைசிவரை உட்கார்ந்துவிட்டால், பெயர்கள் ஓடும்போது உடனே எழுந்துவிடாதீர்கள். நடுவிலோ முடிவிலோ ஒரு குட்டிக் காட்சி வரலாம். ஆனால் அதற்குள் உங்கள் வாண்டு படிக்கட்டில் பாதி தூரம் ஓடியிருக்கும்.