பிரவுசருக்குள்ளேயே மெயில் வேண்டுமா? ஒப்பிட்டுப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

"குரோமிலயே மெயில் இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க இன்னொண்ணு?" திருப்பூர்ப் பக்கம் எந்த பனியன் கம்பெனி ஆபீசில் மெயில் கிளையன்ட் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். முதல் தவறும் இதுவேதான். குரோமில் மெயில் கிடையாது. நீங்கள் பார்ப்பது ஜிமெயில் என்கிற ஒரு வெப்சைட், அதை எந்த பிரவுசரில் திறந்தாலும் அதே மாதிரிதான் இருக்கும். எட்ஜில் அவுட்லுக்கைத் திறக்கிறீர்களே, அதுவும் வெப்சைட்தான். கிளையன்ட் என்பது வேறு. மெயில் சர்வரோடு தானே பேசி, மெயில்களை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்து, கம்பெனி ஐடி, சொந்த ஜிமெயில், எப்போதோ தொடங்கிய யாஹூ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிற புரோகிராம் அது. இந்த வித்தியாசம் தெரியாமல் நாலு பிரவுசரை வரிசையாக வைத்து "எதில் மெயில் நல்லா இருக்கு" என்று பார்த்தால், நீங்கள் பார்த்ததெல்லாம் ஒரே ஜிமெயிலை நாலு தடவை.

அடுத்தது, பழைய பட்டியலை நம்புவது. நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 1997இல் வந்தபோது பிரவுசரும் மெயிலும் ஒரே பெட்டிதான். 2003இல் ஓபரா 7 தன் எம்2 மெயிலோடு வந்தது, அதற்கென்றே ஓபராவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. மொசில்லா அந்த ஒரே பெட்டியை 2004இல் பிரவுசருக்கு பயர்பாக்ஸ், மெயிலுக்கு தண்டர்பேர்ட் என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. 2013இல் ஓபரா 15 வந்தபோது அதிலிருந்தும் மெயில் போய்விட்டது. ஆனாலும் "ஓபராவில் இன்பில்ட் மெயில் உண்டு" என்று இன்றைக்கும் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், தேதி பார்க்காமல் படித்தால் மாட்டிக்கொள்வோம். இப்போது கம்ப்யூட்டரில் ஒப்பிட உருப்படியாக மிச்சமிருப்பவை இரண்டு: பழைய மொசில்லா பெட்டியின் வாரிசான சீமங்கி, ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யான் வான் டெட்ச்னர் பிறகு ஆரம்பித்த விவால்டி. விவால்டியின் மெயில் 1.0 வந்தது 2022 ஜூனில். ஆண்ட்ராய்டு விவால்டியில் மெயில் இல்லை, அதனால் போனிலேயே எல்லா வேலையையும் பார்ப்பவர்கள் இந்த ஒப்பீட்டுக்குள் இறங்கவே வேண்டாம்.

மெயிலை மட்டும் பார்த்துவிட்டு பிரவுசரை மறந்துவிடுவதும் நடக்கிறது. சீமங்கியின் மெயில் பகுதி லேசானது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் பிரவுசர் பகுதி பயர்பாக்ஸின் பழைய எஞ்சினை ஒட்டுப்போட்டு ஓட்டுவது, புதிதாகக் கட்டிய சைட்டுகள் சிலவற்றில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. விவால்டி குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியத்தில் ஓடுவதால் அந்தத் தொல்லை குறைவு. ஜிஎஸ்டி, இ-வே பில், பேங்க் சைட் மூன்றையும் திறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பின்னல் நூல் கடைகளிலும் லாரி புக்கிங் ஆபீசுகளிலும் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது, அதில் குரோம் 109ஓடு நின்றுவிட்டது, குரோமியத்தை நம்பியிருக்கும் மற்றவையும் அதே கதிதான். அங்கே பிரவுசரை மாற்றுவதைவிட கம்ப்யூட்டரை மாற்றுவது நல்லது.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். அக்கவுண்ட் சேர்க்கும்போது பாப், ஐமேப் என்று இரண்டில் ஒன்றைக் கேட்கும், பல பேர் மேலே எது இருக்கிறதோ அதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பாப் என்பது மில்லில் இருந்து நூல் மூட்டையை ஏற்றி வந்து நம்ம குடோனில் இறக்குவது மாதிரி, இறக்கியபின் அங்கே சரக்கு இருக்காது. சர்வரில் ஒரு காப்பியை விட்டுவை என்று ஒரு டிக் இருக்கும், அது இல்லையென்றால் மெயில் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான். சில கிளையன்ட்களில் டிக் இருந்தாலும், பக்கத்திலேயே இத்தனை நாள் கழித்து அழித்துவிடு என்றும் ஒரு வரி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. முதலாளி இங்கிலாந்து பையருக்கு அனுப்பிய பழைய மெயிலைப் போனில் தேடுவார், இருக்காது. "ஏனுங்க, மெயிலெல்லாம் எங்க போச்சுங்க?" ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, அது கெட்டுப்போகிற வரைக்கும்.

ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், போன், ஆபீஸ், வீடு எங்கே பார்த்தாலும் ஒன்றேதான். ஆனால் அதையே பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் பையன் இடம் பண்ணுகிறேன் என்று அழித்தால் ஆபீசிலும் அழியும். கம்பெனிகளுக்கு நான் சொல்வது ஐமேப்தான், பாதுகாப்பான போர்ட் (சர்வரோடு பேசும் வாசல் எண்) 993, அதோடு தனியாக ஒரு காப்பி. பாப் என்றால் 995. எது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிளையன்டைத் திறக்க வேண்டும்.

இந்த ஐமேப்பிலேயே ஒப்பீட்டுக்காரர்கள் கண்ணில் படாத ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஜிமெயில் ஐடியை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் மூன்று பேர் மூன்று சிஸ்டத்தில் போட்டுக்கொள்வது இங்கே சகஜம். ஜிமெயில் ஒரு அக்கவுண்டுக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகள்தான் தரும். சீமங்கி, தண்டர்பேர்ட் வகையறா ஒவ்வொன்றும் தானாகவே 5 இணைப்பு வரை திறந்து வைத்துக்கொள்ளும். மூவைந்து பதினைந்து, முடிந்தது கணக்கு. நாலாவதாக முதலாளி போனில் திறந்தால் இணைப்பு அதிகம் என்று எர்ரர் வரும், உடனே பழி பிரவுசர் மேல் விழும், "இது சரியில்லைங்க, பழசையே போடுங்க" என்பார்கள். அக்கவுண்ட் செட்டிங்கில் அட்வான்ஸ்டு பக்கம் போய் அந்த 5ஐ 2 ஆக்கினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். சரியான தீர்வு ஆளுக்கொரு ஐடி, அதற்குச் செலவாகும் என்பதால் யாரும் காதில் வாங்குவதில்லை.

புது ஐடி ஒன்றைத் தொடங்கி, பத்து மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டு "வேகமா இருக்கு" என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. டெக் பேக் (டிசைன் விவரம்), லேப் டிப் (சாய மாதிரி) போட்டோ, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) என்று வருஷக்கணக்கில் வீங்கிய உங்கள் நிஜமான அக்கவுண்டைப் போட்டுப் பாருங்கள். ஜிமெயிலாக இருந்தால் 'ஆல் மெயில்' ஃபோல்டரையும் சேர்த்து இறக்கும், ஒரே மெயில் டிஸ்கில் இரண்டு தடவை உட்காரும், அதனால் அந்த ஃபோல்டரை முதலிலேயே சந்தாவில் (சப்ஸ்கிரைப் பட்டியலில்) இருந்து எடுத்துவிடுங்கள். தேடுவதையும் சோதியுங்கள். ஜிமெயில் வெப்சைட்டில் ஒரு பிஓ நம்பரைத் தட்டினால் பிடிஎஃப் உள்ளே இருப்பதையும் கண்டுபிடிக்கும், சீமங்கி அட்டாச்மென்டுக்குள் எட்டிப் பார்க்காது. ஆர்டர் விவரம் எல்லாம் பிடிஎஃபிலேயே வருகிற தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

பாஸ்வேர்ட் சரியாகப் போட்டும் உள்ளே விடவில்லை என்று கிளையன்டைத் திட்டுவார்கள். கூகுள் 2022 மே மாத இறுதியிலேயே வெறும் பாஸ்வேர்ட் கேட்கும் வழியைத் தனிநபர் அக்கவுண்டுகளுக்கு மூடத் தொடங்கிவிட்டது, அவுட்லுக் டாட் காமில் மைக்ரோசாஃப்ட்டும் 2024 செப்டம்பரில் மூடியது. கிளையன்ட் கூகுளின் லாகின் பக்கத்தையே திறந்து காட்டினால் அதில் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, அந்த கிளையன்டுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் வாங்கிப் போட வேண்டும். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆப் பாஸ்வேர்டும் செத்துப்போகும், மறுபடி வாங்கணும்.

இன்னொன்று, அனுப்பியவரின் முழு முகவரி கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. அழகான ஸ்க்ரீன் என்ற பேரில் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்தால், ஏற்றுமதி செய்பவர்களுக்கு அது ஆபத்து. பையர் பெயரிலேயே, ஒரே ஒரு எழுத்து மாறிய டொமைனில் (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) இருந்து, "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று வரும் மோசடி மெயிலைப் பிடிக்க அந்த ஒரு வரிதான் இருக்கிறது. பணம் அனுப்பும் முன் போன் போட்டுக் கேட்பது தனி.

கடைசியாக, வெளியே வரும் வழியைப் பார்க்காமல் உள்ளே போவது. பிரவுசரில் மெயில் இருந்தால் மெயில் அந்த பிரவுசர் ப்ரொஃபைலுக்குள், அதாவது பிரவுசர் உங்கள் டேட்டாவை வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். "பிரவுசர் ஸ்லோ" என்று அன்இன்ஸ்டால் செய்யும்போது டேட்டாவையும் அழிக்கட்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, பாப்பில் இறக்கியதை எல்லாம் இழந்தவர்கள் கதை நிறைய உண்டு. சீமங்கியில் பேக்கப் எடுப்பவர்கள் ப்ரொஃபைலைத் திறந்து எம்எஸ்எஃப் என்று முடியும் ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டுக்கொள்கிறார்கள். அது வெறும் அட்டவணை, அதில் மெயில் இல்லை. அதே பெயரில், பின்னால் எதுவும் ஒட்டாமல், பெரிய சைஸில் பக்கத்திலேயே ஒன்று இருக்கும், அதுதான் மெயில், தண்டர்பேர்டுக்கும் அது புரியும். காப்பி எடுக்கும்போது சீமங்கியை மூடிவிட்டு, முடிந்தால் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.