சமரசம் பேசியாயிற்று, அது எப்போது கட்டுப்படுத்தும்?

எதிர்த்தரப்போடு பேசி முடித்ததும் வழக்கே முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், கையெழுத்து போடவில்லையே, எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, முக்கியமான எல்லா விஷயத்திலும் இரு தரப்பும் ஒத்துப்போனதா என்பது: யார் எவ்வளவு கொடுப்பது, எந்தத் தேதிக்குள், வழக்கை யார் வாபஸ் வாங்குவது, செலவு யார் தலையில். இதில் ஏதாவது தொங்கலில் இருந்தால் அது இன்னும் பேச்சுவார்த்தைதான் என்று வாதிட இடமுண்டு. எல்லாம் முடிவாகி, ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே ஏற்றுவிட்டால், பல நாடுகளில் ஈமெயில் பரிமாற்றமே ஒப்பந்தமாகிவிடலாம். தொகையை மட்டும் கொஞ்சம் மாற்றி 'சரி' என்றால்? அது ஏற்பு இல்லை, புது முன்மொழிவு.

ஆகவே தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: 'இரு தரப்பும் கையெழுத்திடும் வரை இது யாரையும் கட்டுப்படுத்தாது.' இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சோம்பல்பட்டு, அப்புறம் சமரசம் நடந்ததா இல்லையா என்றே தனியாக வழக்காடுகிறவர்கள் உண்டு. உங்கள் வக்கீல் எதுவரை ஒத்துக்கொள்ளலாம் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் நீதிமன்றம். நிலுவையில் உள்ள வழக்கென்றால் எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம் என்று சில நாடுகளின் சட்டம் சொல்கிறது. சிறுவர் சம்பந்தப்பட்டிருந்தால் பெரும்பாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். மற்றபடி ஒப்பந்தம் ஏற்கெனவே செல்லும் என்றாலும், அதை நீதிமன்ற உத்தரவாகப் பதிவு செய்துவிட்டால், பணம் வராதபோது புது வழக்கு போடாமல் நேரே அமலாக்கம் கேட்கலாம்.