கப்பல் கொச்சியில் நிற்கும் பகலில் முசிறியைப் பார்ப்பது எப்படி?

மும்பையிலிருந்து கொச்சி வழியாகச் செல்லும் சுற்றுலாக் கப்பல்களில் பயணம் செய்யும் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களில் பலர், கொச்சியில் கிடைக்கும் பகலைச் சீன வலைகளோடும் மட்டாஞ்சேரியோடும் முடித்துக்கொள்கின்றனர். கரையில் எட்டு மணி நேரமாவது கிடைக்குமானால், வடக்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள கொடுங்கல்லூர், பட்டணம் என்னும் ஊர்கள் உள்ள பகுதிக்கே அதை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு பாடும் சேரர் துறைமுகமான முசிறி இப்பகுதியில்தான் இருந்தது. 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்திற்குப் பிறகே கொச்சி பெரும் துறைமுகமாக வளர்ந்தது என்பர்.

முன்பதிவுக்கு முன்பே கப்பல் கொச்சியில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதைக் கேட்டறியுங்கள். எட்டு மணி நேரத்திற்குக் குறைவானால் இத்திட்டத்தைக் கைவிடுவதே நல்லது. நாள் முழுவதற்குமான வாடகைக் காரை முன்கூட்டியே பேசி, துறைமுக வாசலுக்கு வரச் சொல்லுங்கள். அடையாள அட்டையையும் கப்பலில் தரும் அட்டையையும் மறவாதீர்கள்.

தொலைவிலுள்ள இடத்தை முதலில் பார்த்துவிட்டுத் துறைமுகத்தை நோக்கித் திரும்பி வருவதே சரியான வரிசை. கேரளக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடுவதால், கொடுங்கல்லூர் பகவதியையும் திருவஞ்சைக்களத்தையும் காலையிலேயே தரிசித்துவிட வேண்டும். கொடுங்கல்லூர் அம்மனைக் கண்ணகியோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. திருவஞ்சைக்களமோ சுந்தரர் பாடிய தலம். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே தலமும் அதுவே. அவர் இங்கிருந்துதான் வெள்ளை யானை மீது கயிலைக்குச் சென்றதாகப் பெரியபுராணம் கூறுவதால், அவசரமின்றி அங்கே சற்று அமர்ந்திருங்கள். ஆண்கள் வேட்டி எடுத்துச் செல்வது நல்லது. உள்ளே செல்லும்போது சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். அருகிலேயே சேரமான் ஜும்மா மசூதி உள்ளது, கி.பி. 629-இல் கட்டப்பட்டது என்பது அதன் மரபுவழிச் செய்தி.

அடுத்தது பட்டணம். பெரிய இடிபாடுகளை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள்; கண்ணுக்குத் தெரிவன வீடுகளும் தென்னைகளும்தான். ஆனால் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில், இந்த மண்ணுக்கடியிலிருந்து செங்கல் படகுத்துறையும், மரத்தைக் குடைந்து செய்த சுமார் 6 மீட்டர் நீளத் தோணியும், மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும், எண்ணற்ற கண்ணாடி மணிகளும் கிடைத்தன. முசிறி இதுவே எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மண்ணில் ஓடோ மணியோ தென்பட்டாலும் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் இப்போது அருங்காட்சியகமாக உள்ள வடக்குப் பரவூர் யூதர் வழிபாட்டு மனையைப் பார்க்கலாம். இத்தகைய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். நெடுஞ்சாலை 66-இல் நெரிசல் அதிகம். தனியாகச் சென்றவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்பதால், ஏற வேண்டிய கடைசி நேரத்திற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்தை அடையும்படி பரவூரிலிருந்து கிளம்பிவிடுங்கள்.