நேற்று வரை கூட்டாளி, இன்று சூப்பர்வைசர்: மனதில் உள்ளதை எவ்வளவு சொல்லலாம்?

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளில் வெல்டராகவோ ஃபிட்டராகவோ சேர்ந்து, பிறகு சூப்பர்வைசர் ஆனவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். பதவி வந்ததும் எல்லோரும் சொல்வது, "எப்பவும் போல நீ நீயாவே இரு." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதை அப்படியே கடைப்பிடித்தால் வேலை கெடும். புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பிகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

வேலை தொடங்கும் முன் ஆட்களைக் கூட்டிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில், "எனக்கே இது புதுசு, பயமாத்தான் இருக்கு" என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். இன்சியாட் வணிகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது ஹெர்மினியா இபாரா 2015இல் ஒரு மேலாளரைப் பற்றி எழுதினார். மருத்துவத் துறையில் இருந்த அந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு வந்ததும், அவருக்குக் கீழ் நேரடியாக வேலை செய்பவர்கள் பத்து மடங்கு கூடினார்கள். பயமாக இருக்கிறது, உங்கள் உதவி வேண்டும் என்று ஊழியர்களிடம் மனம் திறந்தார். ஊழியர்களுக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கைதான் போனது. அவர் சொன்னது உண்மை. ஆனால் அதைக் கேட்டு ஊழியர்கள் என்ன செய்ய முடியும்?

அதற்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள்: "இந்த டேங்க் டிராயிங்கை நான் இன்னும் முழுசாப் பார்க்கல. பத்து மணிக்குள்ள பார்த்துட்டு வர்றேன். அதுவரை யாரும் உள்ளே இறங்க வேண்டாம்." இதுவும் உண்மைதான். கூடவே, அடுத்து என்ன செய்வது என்பதும் ஆட்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

டேங்க் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பயத்தை அடக்கலாம், டேங்க் காற்றை அளக்கும் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் அடக்கக் கூடாது. மூடிய இடத்தில் இறங்க ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 19.2 காட்டுகிறதா? எல்லோர் காதிலும் விழும்படி எண்ணைச் சொல்லுங்கள். பங்களாதேஷ் தம்பிகளிடம் மீட்டரையே திருப்பிக் காட்டுங்கள். புராஜெக்ட் மேனேஜர் அவசரப்படுத்தினால் அவரிடமும் அதே எண், அதே குரல். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

அப்புறம் கோபம். "நான் கோபக்காரன்தான், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் சூப்பர்வைசர்களைப் பார்க்கிறேன். நீங்கள் வைத்துக்கொள்ள மாட்டீர்கள், சரி. வாங்கிக்கொண்டவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? அவனுடைய ஒர்க் பெர்மிட் இந்தக் கம்பெனியோடு கட்டுண்டது, ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் வேறு. அவனால் திருப்பிப் பேச முடியாது. வெளிப்படையாக இருக்கும் வசதி உங்களுக்கு மட்டும் இருக்கும்போது, அதை அளந்துதான் செலவழிக்க வேண்டும். எது தப்பு, எப்படிச் செய்வது என்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும்.

தங்குவிடுதியில் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்ட கூட்டாளிகள்தான் கடினமான பகுதி. ஓய்வு நாளில் முதலாளி கேட்டு முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் என்பதால் ஞாயிறு வேலைக்குப் போட்டி இருக்கும். "மச்சான், என் பேரைப் போட்டுடு" என்பான். பட்டியலை முறைவைத்து எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். வேலையிடத்தில் மச்சான் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதில் மூத்தவரை மட்டும் எப்போதும் போல அண்ணே என்றே கூப்பிடுங்கள், அதில் அதிகாரம் குறைந்துவிடாது.

முதல் சில மாதங்கள் இதெல்லாம் நடிப்பு போலத்தான் இருக்கும். இருக்கட்டும். முதல்முறை வெல்டிங் டார்ச்சைப் பிடித்தபோதும் கை நம் கையாக இல்லை.

அடக்கிய பேச்சை எங்கேயாவது இறக்கித்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேண்டாம், உங்கள் ஆட்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். வேறு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் உட்கார்ந்து, அந்த வாரப் பயத்தையும் கோபத்தையும் அவரிடம் ஒன்றுவிடாமல் கொட்டுங்கள். அவர் கொட்டுவதையும் கேளுங்கள்.