வன்னியில் வீடு வாங்க முன் செய்யும் சோதனை: எங்கே பிழை விடுகிறோம்?

லண்டனில் வீடு வாங்கும் எங்கள் ஆட்கள் சேர்வே அறிக்கை கையில் வராமல் பேனை எடுக்க மாட்டார்கள். கூரை, சுவரின் ஈரம், வயறிங், கழிவுக் குழாய் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். அறிக்கையில் உள்ள குறைகளைக் காட்டியே விலையையும் குறைப்பார்கள். அதே ஆட்கள் கிளிநொச்சியிலோ முள்ளியவளையிலோ வீடு வாங்கும்போது வட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "மச்சான், நீ பார்த்தனிதானே, சரியெண்டால் அட்வான்சைக் குடு" என்கிறார்கள். இங்கே இருப்பவர்கள் செய்வதும் பெரிதாக வேறில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை, கிணற்றுக்குள் ஒரு எட்டல், நொத்தாரிசிடம் உறுதியைக் காட்டல், அத்தோடு சரி. வன்னியில் நிற்கும் கட்டடங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், சோதனை கூடுதலாகத் தேவைப்படுவது இங்கேதான் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

வங்கி ஆள் பார்த்தது போதும் என்று நினைப்பது

"வங்கியில இருந்து ஆள் வந்து பார்த்திட்டுத்தான் லோன் தந்தவை, பிறகென்ன?" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வங்கி அனுப்புவது மதிப்பீட்டாளரை. கடன் கட்டுப்படாவிட்டால் அந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஏணி வைத்து ஏறி, கூரைச் சிலாகையில் கறையான் இருக்கிறதா என்று பார்க்க அவரை யாரும் கேட்கவில்லை. நில அளவையாளர் எல்லையையும் விஸ்தீரணத்தையும் அளப்பார். வீட்டின் பலம் அவருடைய வேலைக்குள் வராது. சட்டத்தரணி கடதாசியைப் பார்ப்பார். காணியில் கால் வைக்காமலே உறுதி முடிக்கலாம். இவர்கள் மூவரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து முடித்த பிறகும், கட்டடத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கு சிவில் எஞ்சினியர் ஒருவர் வேண்டும். கிடைக்காவிட்டால் கட்டட வேலையில் ஊறிய ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஒருவர். விற்பவரோ தரகரோ "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கிறார்" என்று சொன்னால் அவரை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடுங்கள். அந்த வீட்டைக் கட்டிய மேசனையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்பவர்களும் உண்டு. தான் கட்டிய சுவரில் பிழை இருக்கிறதென்று அவர் எப்படிச் சொல்வார்?

விற்பவர் சொந்தக்காரர் என்றால் நிலைமை இன்னும் சிக்கல். சோதிக்கக் கேட்டால் மனம் நோகுமே என்று பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். "சித்தப்பா, உங்களில சந்தேகமில்லை. எஞ்சினியரின்ர கடிதம் போனால்தான் அண்ணை காசு அனுப்புவார்" என்று நேராகவே சொல்லலாம். வாங்கி இரண்டு மழைக்குப் பிறகு சுவர் வெடித்து, அதற்காகச் செத்தவீட்டிலும் கலியாண வீட்டிலும் முகம் பாராமல் திரிவதை விட அது எவ்வளவோ மேல்.

புதுப் பெயின்றைப் பார்த்து வயதை மதிப்பது

2008, 2009 இடப்பெயர்வில் வன்னியின் வீடுகள் கூரை ஓடு, கதவு, யன்னல் எல்லாம் இழந்து வெறும் சுவராக நின்றன. சனம் தாங்களே கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு, விட்டுப் போனதைப் பிறர் கழற்றியதும் உண்டு. செல் விழுந்த அதிர்ச்சியும், கூரையில்லாமல் குடித்த மாரி மழையும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கின்றன. மீள்குடியேறியபின் கையில் இருந்த காசுக்கு ஏற்றபடி பூசி, சீற் போட்டு, பெயின்ற் அடித்து இருந்தார்கள். அது அவர்களுடைய குற்றமே அல்ல, அன்றைக்கு அதுதான் முடிந்தது. ஆனால் இன்றைக்கு அதைப் புது வீட்டு விலைக்கு வாங்குபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

சுவரை விரல் மொளியால் அல்லது சிறு சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போனால், பூச்சு கல்லை விட்டுக் கழன்ற இடங்கள் வேறு சத்தம் தரும். ஒரு சுவரில் அங்கங்கே என்றால் பழுது பார்க்கலாம். யன்னல் மூலையில் தொடங்கிச் சரிவாக அத்திவாரம் நோக்கிப் போகும் வெடிப்பின் வழியெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால், பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மயிரிழை வெடிப்புக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை, சீமெந்துப் பூச்சு காயும்போது வருவது. 5 மில்லிமீற்றரைத் தாண்டி அகன்ற, சுவரின் இரு பக்கமும் தெரியும் வெடிப்பு வேறு விடயம். அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதியையும் எழுதிவிட்டு, சில கிழமை கழித்து வந்து பாருங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் வீடு இன்னும் அசைகிறது.

மன்னார் மாவட்டத்தில் முருங்கன் பக்கம் வாங்குபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். அங்குள்ள கருங்களி மண் மழைக்கு ஊதிப் பருக்கும், கோடையில் கை நுழையுமளவுக்குப் பிளக்கும். அத்திவாரம் ஆழமில்லாத வீடு ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கும். அத்திவாரத்தின் ஆழத்தை ஊகிக்கத் தேவையில்லை. சுவரோடு ஒட்டி ஒரு மூலையில் சின்னக் கிடங்கு வெட்டினால் தெரிந்துவிடும். அரை நாள் கூலிதான். இதைக் கேட்காமல் விடுவது வன்னியில் நான் காணும் பெரிய கவனக்குறைவுகளில் ஒன்று.

கூரைக்கு ஏறும்போது சிலாகையும் வளையும் சுவரில் உட்காரும் நுனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கறையான் சுவர் வழியாக ஏறி அங்கேதான் தொடங்கும். வைரமான பனஞ்சிலாகை எத்தனையோ வருடம் நிற்கும், சோற்றிப் பகுதி கூடிய இளம் மரம் நிற்காது. திருப்புளியை நுனியில் அழுத்துங்கள், வைரமென்றால் உள்ளே போகாது. சீலிங் அடித்த வீட்டில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்காத சோதனை கூரைச் சோதனையே அல்ல.

வீட்டுத்திட்ட வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2012 இற்குப் பின் வடக்கில் பெருமளவில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடி வீடு, வேலையை உரியவரே நின்று செய்விக்க வேண்டும். அந்தக் காசுக்குள் முடிக்கச் சிலர் பட்ட கஷ்டத்தை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சிலர் நகை அடகு வைத்து நல்ல கல்லும் கம்பியும் போட்டார்கள், சிலருக்கு முடியவில்லை. ஆகவே ஒரே வரிசையில் ஒரே அச்சில் நிற்கும் இரண்டு வீடுகளின் பலம் ஒன்றல்ல. பிறகு வெளிநாட்டுக் காசு வந்ததும் முன்னால் போர்ட்டிக்கோ, அதன்மேல் பிளாட் (கொங்கிறீற்றுத் தட்டு), சில இடத்தில் மேல்மாடி. ஓட்டுக் கூரையைத் தாங்கப் போட்ட அத்திவாரம் கொங்கிறீற்றைத் தாங்குமா என்று எஞ்சினியரிடம் கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே நேர்க்கோடாக வெடித்திருந்தால் இரண்டும் வேறு வேறாக இறங்குகின்றன.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் கழுவாத கடல் மணலில் கட்டிய வீடுகளும் உண்டு. சுவர் உப்புப் பூத்துப் பெயின்ற் உரியும். கொங்கிறீற்றுக்குள் அந்த உப்பு கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும். பிளாட்டின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் வழியே கறள் நிறக் கோடு தெரிந்தாலோ, துண்டு துண்டாக உதிர்ந்திருந்தாலோ அதன்மேல் புதுப் பூச்சுப் பூசி நிறுத்த முடியாது.

ஒரு பருவத்தில் மட்டும் போய்ப் பார்ப்பது

ஆடி, ஆவணி விடுமுறையில் வந்து வீடு பார்த்து வாங்கிவிட்டுப் போகும் வெளிநாட்டுக்காரருக்கு வெள்ளம் தெரியாது. தை மாதத்தில் பார்ப்பவருக்குக் கிணறு வற்றுவது தெரியாது. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியில் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தபோது, குளத்தின் கீழ்ப்பக்கம் எது என்று ஊருக்கே மறுபடி நினைவு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் "அந்த மழைக்குத் தண்ணி எதுமட்டும் வந்தது?" என்று கேட்டால் கையைச் சுவரில் வைத்தே காட்டுவார். விற்பவரின் சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு மட்டும் பெயின்ற் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளத்தை அண்டிய வளவு என்றால் அது குளத்தின் ஒதுக்குக்குள் விழுகிறதா என்று, சின்னக் குளமானால் கமநல சேவை நிலையத்திலும் பெரியதானால் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும்.

கிணற்றை ஆவணி, புரட்டாசியில் பாருங்கள். பம்ப்பை ஓட விட்டு, எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஊறுகிறது என்று கவனியுங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். உங்கள் குழி மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழியும் கணக்கு. வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. குடிநீர்ப் பரிசோதனை செய்யாமல் அங்கே வீடு வாங்குவதை என்னால் ஏற்கவே முடியாது. புளோரைட்டுக்கு இலங்கைத் தரம் லீற்றருக்கு 1 மில்லிகிராம். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து கடினத்தன்மை, புளோரைட், நைத்திரேற்று மூன்றையும் பார்ப்பியுங்கள். குழந்தைப் பால் கரைக்கப் போகும் தண்ணீர் அது.

வீட்டைப் பார்த்துவிட்டு நிலத்தை மறப்பது

வன்னியில் காணிகளில் பெரும் பங்கு அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கொடுத்தவை. பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்றினால் சட்டத்தில் செல்லாது. "எழுதித் தாறன், ஜி.எஸ்.சும் (கிராம அலுவலர்) கையெழுத்து வைப்பார்" என்பதெல்லாம் பாதுகாப்பு அல்ல. அப்படி எழுதிய கடதாசியை நம்பி மாடி கட்டியவர்கள் இருக்கிறார்கள். முதலில் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் உரிமைப் பதிவேடு) பார்க்க வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமை இல்லாத வெளிநாட்டுப் பிரஜை தன் பெயரில் காணி வாங்க 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடையாக இருக்கிறது. அதனால்தான் பலர் தம்பி பெயரில், மாமி பெயரில் எழுதுகிறார்கள். அந்த வீடு சட்டத்தில் அவர்களுடையதுதான் என்பதைக் காசு அனுப்ப முன்பே யோசியுங்கள்.

இடம்பெயர்ந்து போனவர்களின் காணியை வேறொருவர் ஆண்டு, இப்போது அவர் விற்க வருவதும் நடக்கிறது. சாதாரணமாகப் பத்து வருட ஆட்சி உரிமை தரலாம். ஆனால் போரால் தம் காணிக்கு வர முடியாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து நீக்க வழி செய்தது. "இருபது வருசமா நாங்கள்தான் இருக்கிறம்" என்பவரிடம் உரிமை எங்கிருந்து வந்தது என்று சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

பழைய வரைபடத்தின் போட்டோப் பிரதியை வைத்து வேலியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். புல்டோசர் ஓடிய காணிகளில் எல்லைக் கல்லும் கதியாலும் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கல் நாட்டுவியுங்கள், அயலவர்கள் நிற்கும்போதே. பெர்மிட்டில் ஹெக்டேயரும் வாய்ப்பேச்சில் ஏக்கரும் இருக்கும். ஓர் ஏக்கர் 0.4047 ஹெக்டேயர், 160 பேர்ச். ஏ9 வீதியை ஒட்டிய வளவானால் வீதிக்கு ஒதுக்கிய எல்லையையும் அந்த வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை, கண்ணிவெடித் தடை உடன்படிக்கையின்படி நாட்டுக்குக் கொடுத்த காலக்கெடு 2028 வரை போகிறது. பின்வளவு பற்றையாகக் கிடந்தால், அந்தத் துண்டு துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டறிந்த பிறகே யாரையும் உள்ளே இறங்க விடுங்கள்.

அச்சவாரத்தைக் கொடுத்துவிட்டுச் சோதிப்பது

ஒழுங்கு மாறினால் இவ்வளவும் வீண். காசு கைமாறிய பிறகு வரும் அறிக்கையால் விலை குறையாது. வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தரகர் அவசரப்படுத்தினால், சின்னத் தொகையை மட்டும் கொடுத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டடச் சோதனை, எல்லை அளவை, உரித்துத் தேடல் மூன்றும் குறித்த நாளுக்குள் முடியும், அவற்றில் பெரிய குறை வந்தால் முற்பணம் முழுதாகத் திரும்பும். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் ஏன் என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எஞ்சினியரிடம் வாய்ப்பேச்சில் "பரவாயில்லை, இருக்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் படம், அது எந்தச் சுவர் அல்லது எந்த அறை, இப்போதே திருத்த வேண்டியதா பொறுக்கக்கூடியதா, திருத்த ஏறத்தாழ என்ன செலவு என்று கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள். வயறிங்குக்குத் தனியாக எலெக்ற்றீசியன் ஒருவரைக் கூட்டிப் போய், ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்தி விழுகிறதா, ஏர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குள் போகிறதா என்று பார்ப்பியுங்கள். மின்சார சபைக் கணக்கு யார் பெயரில், நிலுவை எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள். வெளியில் இருந்து காசு அனுப்புபவர், அந்த அறிக்கையை எஞ்சினியரே நேரடியாகத் தனக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். கூலி கொடுப்பவர் அவர்தானே.