நான்கு கிளாஸ், ஒரு லார்ஜ்: சிங்கிள் மால்ட்டை ஒப்பிட்டு ருசிப்பது எப்படி

சிங்கிள் மால்ட் என்பது மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, ஒரே வடிசாலையில் வடித்த விஸ்கி. ஒரு பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதம், பக்கத்துப் பாட்டிலில் 46. இரண்டையும் அப்படியே ஊற்றிக் குடித்துவிட்டு "இரண்டாவது கனமா இருக்கு" என்றால், அது பெரும்பாலும் ஆல்கஹால் செய்த வேலை. ஒப்பிட உட்காருமுன் அளவு, வீரியம் (ஆல்கஹால் சதவீதம்), சூடு, காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சமமாக்க வேண்டும். பாதி வேலை அதுதான்.

முதல் முறைக்கு நான்கு ஸ்காட்லாந்து பாட்டில் போதும் (பெயருக்குப் பின்னால் வரும் எண், முதிர்ந்த ஆண்டுகள்): கிளென்லிவெட் 12 (40%), ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) பீப்பாயில் முதிர்ந்த கிளென்ட்ரோனாக் 12 (43%), ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 (45.8%), ஐலா தீவின் லாகவூலின் 16 (43%). தலா 15 மிலி ஊற்றினால் மொத்தம் 60 மிலி, நம் கணக்கில் ஒரு லார்ஜ். அதற்கு மேல் போனால் நாக்கும் மூக்கும் சொல்வதை நம்ப முடியாது.

கிளாஸ் வாய் குறுகி, வயிறு அகன்று இருக்க வேண்டும். கிளென்கெய்ர்ன் கிளாஸ் இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகல வாய் டம்ளரில் மணம் தங்காது. சோப்பு வாடை ஒட்டியிருக்கிறதா என்று காலி கிளாஸை முதலில் மோந்து பாருங்கள். அறையில் ஊதுபத்தி, மல்லிகை, பிரியாணி எதுவும் கூடாது. 32 டிகிரி வெயிலில் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும், அதனால் ஏசி போட்டு 20–22 டிகிரிக்கு வாருங்கள். ஐஸ் வேண்டவே வேண்டாம், அது மணத்தை அடக்கிவிடும்.

இனி வீரியம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மிலி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். பாட்டிலின் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, 1 கழித்து, ஊற்றிய மிலியால் பெருக்கினால் சேர்க்க வேண்டிய தண்ணீர் வரும். 15 மிலியை 40 சதவீதத்துக்குக் கொண்டுவர டாலிஸ்கருக்கு 2.2 மிலி, கிளென்ட்ரோனாக்குக்கும் லாகவூலினுக்கும் தலா 1.1 மிலி. காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்த 60% விஸ்கி என்றால் 7.5 மிலி. உப்புத் தண்ணீர், குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் இரண்டும் ஆகாது. தண்ணீர் பட்டதும் சில விஸ்கி லேசாகக் கலங்கும். குளிர்வடிகட்டல் (குளிரவைத்து, கலங்கச் செய்யும் பொருளை வடிப்பது) செய்யாததன் அடையாளம் அது, கெட்டுப்போகவில்லை.

கிளாஸை மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். ஒயின் போலச் சுழற்ற வேண்டாம், நெடிதான் கிளம்பும். வாயை லேசாகத் திறந்தபடி, கிளாஸை மோவாய்க்குக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். எதையும் குடிக்குமுன் நான்கையும் மோந்து குறித்துக்கொள்ளுங்கள். புகை மணம் அதிகமுள்ளது, இங்கே லாகவூலின், எப்போதும் கடைசியில். மூக்கு களைத்தால் சொந்தச் சட்டைக் கையை மோந்தால் தெளியும். முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதைப் பத்து விநாடி வாயில் உருட்டி விழுங்கி, ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று எண்ணுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் 30 சதவீதத்துக்கு இறக்குங்கள்: கிளாஸில் 12 மிலி மீதி என்றால் 4 மிலி தண்ணீர். எரிச்சல் தணிந்ததும் பழ வாசனை மேலே வரும். சில விஸ்கி இந்த இடத்தில் உடைந்து வெறும் தண்ணீராகிவிடும், அதையும் குறித்துவையுங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. லேபிளில் ஊர் பார்த்தும் முடிவு கட்டாதீர்கள்: ஐலா என்றாலே புகை என்பார்கள், புனஹாபன் 12 ஐலாவில்தான் வடிக்கப்படுகிறது, ஆனால் அதில் பீட் (பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்புநில மக்கு) புகை கிட்டத்தட்ட இல்லை. பீட் அளவு என்று சொல்லும் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணும் அப்படித்தான். அது மால்ட் ஆக்கிய பார்லியில் அளந்தது. வடிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். லாகவூலின், ஐலாவின் இன்னொரு விஸ்கியான கல் ஈலா இரண்டுக்கும் போர்ட் எலன் ஆலையிலிருந்தே மால்ட் வருகிறது, பீட் அளவும் 35 பிபிஎம் வாக்கில்தான். ஆனாலும் லாகவூலின் எண்ணெய்ப்பசையோடு கனமாக நிற்கும், கல் ஈலா மெலிந்து கூர்மையாக இருக்கும். வடிகலனின் வடிவம், அதை எவ்வளவு நிரப்புகிறார்கள், எந்த வேகத்தில் வடிக்கிறார்கள், வடிந்து வருவதில் எந்தப் பகுதியை வெட்டி எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பீப்பாயின் பங்கு தெரிய வேண்டுமென்றால் கிளென்மொராஞ்சி ஒரிஜினலையும் லசாந்தாவையும் அருகருகே வையுங்கள்: ஒரே வடிசாலை, முன்னது போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாய், பின்னது கடைசியில் ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றியது.

இரண்டு விஸ்கிக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று தோன்றினால் சோதித்துப் பாருங்கள். வேறொருவர் மூன்று கிளாஸில் தலா 5 மிலி ஊற்றட்டும், இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மற்றது. நிறம் தெரியாமல் கிளாஸைச் சுற்றி அலுமினியத் தாள். தனியாக இருப்பது எது? குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும், அதனால் ஒரு முறை கணக்கில் வராது. ஐந்து சுற்றில் குறைந்தது நான்கு சரி என்றால் அதிர்ஷ்டத்துக்கு இருபதில் ஒரு பங்கு கூட வாய்ப்பில்லை. ஐந்து சுற்றையும் ஒரே இரவில் முடிக்காதீர்கள், நாளுக்கு இரண்டு போதும்.