குவீன்ஸில் மணி ஏழு பத்து

நியூயார்க்கில் வந்து இறங்கியவருக்கு எல்லோரும் ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, செல்போன். அதெல்லாம் எப்படியும் நடந்துவிடும், அலுவலகத்தில் துரத்திக்கொண்டே இருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்று உண்டு. உடம்பு நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதிக்கு வந்த பிறகும் கடிகாரம் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கோடையில் நமக்கும் இந்தியாவுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. ஜூன் மாதம் இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து உட்காருகிறீர்கள். சென்னையில் அப்போது காலை எட்டு. செய்திச் சேனல்கள் சூடு பிடித்திருக்கும், குடும்ப வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்து விழும், அம்மா இரண்டாவது காபியோடு வீடியோ காலில் வருவார். பேச்சு இரவு ஒரு மணி வரை நீளும். மறுநாள் ரயிலில் நின்றபடியே தூங்குவீர்கள். நான் முதல் எட்டு மாதம் இப்படித்தான் ஓட்டினேன். எங்கள் தெருமுனைக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டால் தெரியாது. திருச்சியில் எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வேன்.

அதனால் டிவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வந்த மாதமே கேபிளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இருபது முப்பது டாலருக்குத் தட்டையான ஆன்டெனா கிடைக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் 2, 4, 5, 7, 11, 13-ஆம் சேனல்கள் எல்லாம் காசில்லாமல் வரும். மாலையில் உள்ளூர்ச் செய்தியை மட்டும் தவறாமல் பாருங்கள். எந்த ரயில் ஓடவில்லை, நாளைக்கு எத்தனை அங்குலம் பனி, எங்கே தீ என்று அவர்கள் கொட்டும் வேகத்துக்குக் காது பழகும். ஃபாரன்ஹீட்டும் பழகும். என் அறைத்தோழர் ஒருவர் நாற்பது டிகிரி என்று கேட்டுவிட்டு, நம்ம ஊர் வெயில்தானே என்று வெறும் சட்டையோடு கிளம்பினார். நாற்பது ஃபாரன்ஹீட் என்பது நம் கணக்கில் நாலரைகூட இல்லை.

இந்த ஊர் டிவியில் எனக்கு இன்னும் செரிக்காதது மருந்து விளம்பரம். ஒரு தம்பதி நாயோடு கடற்கரையில் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். பின்னணியில் ஒரு குரல், இந்த மாத்திரையால் ஈரல் கெடலாம், மரணம்கூட நேரலாம் என்று அமைதியாக வாசிக்கும். நாய் வாலாட்டிக்கொண்டே இருக்கும்.

வீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சூப்பர்' என்று யாராவது சொன்னால் பாராட்டு என்று நினைக்காதீர்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு இங்கே அதுதான் பெயர். அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுக்காரர் சூடு கொடுத்தே ஆக வேண்டும். பகலில் வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே 68 இருக்க வேண்டும், இரவில் எப்படியும் 62. இல்லையென்றால் நகர நிர்வாகத்தின் 311 எண்ணுக்குக் கூப்பிடலாம். நான் கூப்பிட்டிருக்கிறேன். வேலை நடந்தது, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் சூப்பர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

7-ஆம் எண் ரயில் நம் ஆட்களுக்கு உயிர்நாடி. 74-ஆவது தெருவில் இறங்கினால் ஜாக்சன் ஹைட்ஸ்: கறிவேப்பிலை, பச்சரிசி, முருங்கைக்காய் எல்லாம் உண்டு. கடைசி நிறுத்தம் ஃப்ளஷிங். அங்கிருந்து கால் மணி, இருபது நிமிடம் நடந்தால் பௌன் தெருவில் பிள்ளையார் கோயில். 1977-இல் குடமுழுக்கு ஆன கோயில், அடித்தளத்தில் கேன்டீன். வேலை முடிந்து மன்ஹாட்டனிலிருந்து திரும்பும்போது மட்டும் ஒன்று கவனியுங்கள். ரயிலில் 7 வட்டத்துக்குள் இருந்தால் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். வைரக் கட்டத்துக்குள் இருந்தால் எக்ஸ்பிரஸ், 74-ஆவது தெருவில் நிற்காது. கையில் காய்கறிப் பட்டியலோடு ஜங்ஷன் புலவார்டில் போய் இறங்காத தமிழர் குவீன்ஸில் குறைவு.

ஃப்ளஷிங்குக்கு ஒரு நிறுத்தம் முன்னால் மெட்ஸ்–வில்லட்ஸ் பாயின்ட். மெட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மைதானம் அங்கேதான். ரயில் திடீரென்று நீலமும் ஆரஞ்சுமாகச் சட்டை போட்ட கூட்டத்தை இறக்கிவிடும். எட்டு மாதம் அந்தக் கூட்டத்தை எரிச்சலோடு பார்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஒன்பதாவது மாதம் அவர்களோடு இறங்கினேன்.

பேஸ்பால் பார்த்து வாய்விட்டுச் சிரிக்காத கிரிக்கெட்காரர் இல்லை. கையில் உருண்டைக் கட்டை, ஃபீல்டர் அத்தனை பேருக்கும் கையுறை, அடித்ததும் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டம். இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று தோன்றும். சரி, கொஞ்சம் பொறுங்கள். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் மூன்று மூன்று அவுட். முன்னால் தொண்ணூறு டிகிரி கோணத்துக்குள் விழுந்தால்தான் அடி செல்லும். நம் லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் இங்கே ஃபவுல். நல்ல பந்தை விட்டாலும், வீசி அடிக்கத் தவறினாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். முதல் இரண்டு ஃபவுல் ஸ்ட்ரைக் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு, யாரும் கேட்ச் பிடிக்காதவரை, எத்தனை ஃபவுல் அடித்தாலும் ஆள் நிற்கலாம். ஒருவர் பத்துப் பந்தை இப்படித் தட்டித் தட்டிவிட்டு, பந்து வீசும் பிட்சரை வியர்க்க வைத்ததைப் பார்த்தபோது, அட, இது நம்ம புஜாரா வேலை அல்லவா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து வாய்ப்பில் மூன்று முறை ஹிட் அடிப்பவர் இங்கே நட்சத்திரம். ஏழு முறை தோற்றுவிட்டுத் தலை நிமிர்ந்து திரும்பி வருவார். வேலை தேடும் நாட்களில் எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது.

யாங்கீஸா மெட்ஸா என்று கேட்பார்கள். யாங்கீஸ் நகரின் பிராங்ஸ் பகுதி அணி, ஆண்டு இறுதிப் பட்டமான உலகத் தொடரை 27 முறை வென்றது. மெட்ஸ் குவீன்ஸ் அணி, வென்றது இரண்டே முறை, 1969-இலும் 1986-இலும். 1962-இல் பிறந்த முதல் ஆண்டிலேயே 120 ஆட்டம் தோற்றது. 765 மில்லியன் டாலருக்கு ஹுவான் சோட்டோ என்ற வீரரைப் பதினைந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கிவிட்டு, 2025-இல் கடைசி நாள் ஆட்டத்தில் தோற்று பிளேஆஃபுக்கு வெளியே நின்றார்கள். நீங்கள் யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள். நான் மெட்ஸ். வாடகை கொடுக்கும் ஊருக்கு விசுவாசம் வேண்டாமா?

இந்த ஆட்டத்தின் உண்மையான லாபம் அதன் நேரம். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அநேகமாகத் தினமும். வாரநாள் என்றால் உள்ளூர் ஆட்டம் பெரும்பாலும் மாலை ஏழு பத்துக்கு. 2023-இல், இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு பெரும்பாலும் பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சென்னை சுறுசுறுப்பாகும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். அம்மாவுக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது காலை ஏழரைக்கு நான் நடந்துகொண்டே பேசுகிறேன். அவருக்கு அது மாலை ஐந்து, தீர விசாரிக்க நல்ல நேரம்.

மெட்ஸ் ஆட்டம் பெரும்பாலும் எஸ்என்ஒய் கேபிள் சேனலில் வரும், சில ஆட்டங்கள் 11-ஆம் சேனலில் இலவசமாகவே வரும். முதலில் ஆன்டெனாவில் வருவதைப் பார்த்துப் பிடித்தால் பிறகு சந்தா கட்டுங்கள். கேரி கோஹன், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங் மூவரும் 2006 முதல் வர்ணனை செய்கிறார்கள். பின்னவர் இருவரும் 1986 அணியில் ஆடியவர்கள். ஆட்டம் மந்தமானால் பேச்சு எங்கெங்கோ போகும், திண்ணைப் பேச்சு மாதிரி. ஆங்கில உச்சரிப்பு பழக இதைவிட நல்ல வகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பந்துக்கும் பந்துக்கும் இடையில் யோசிக்க நேரம் தருகிறார்கள்.

நேரில் போவதானால் மே மாதத்துக்குப் பிறகு போங்கள். ஏப்ரல் இரவுக் குளிர் எலும்பில் இறங்கும். ஞாயிறு மதிய ஆட்டம் நல்லது: காலையில் பிள்ளையார், கேன்டீனில் சாப்பாடு, அப்புறம் ஒரு நிறுத்தம் பின்னால் வந்தால் மெட்ஸ் மைதானமான சிட்டி ஃபீல்டு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், கொண்டுபோகும் பைகளுக்குத்தான் கெடுபிடி. விதிகள் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். புளியோதரை தாங்கும், தோசை தாங்காது. மெட்ஸ்காரர் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தால் மைதானத்தின் நடு எல்லை வேலிக்குப் பின்னால் பெரிய ஆப்பிள் ஒன்று எழும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து நான் பையைத் தூக்கியவன். ஃபவுல் பந்து உங்கள் கைக்கு வந்தால் உங்களுக்கே. நம் பழக்கத்தில் திருப்பி எறிந்துவிடாதீர்கள்.

சூப்பர் கதை. ஒரு நாள் மெட்ஸ் தொப்பியோடு லிஃப்டில் நின்றேன். ஏறியவர் தொப்பியைப் பார்த்தார், "நேத்து அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் பார்த்தியா?" என்றார். ஆறு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். நான்காவது மாடியிலிருந்து கீழே வந்தும் வாசலில் பத்து நிமிடம் பிட்சரைத் திட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் சமையலறைக் குழாய் சரியாகிவிட்டது, நான் புகார் எழுதவே இல்லை.

செப்டம்பர் கடைசியில் லீக் ஆட்டங்கள் முடியும். மெட்ஸ் பெரும்பாலும் அதோடு சரி. அந்த வாரத்திலேயே ரேடியேட்டர் டங் டங்கென்று தட்ட ஆரம்பிக்கும். அப்புறம் தீபாவளி வரும். அன்றைக்குத் தெரு கூட்டுவதற்காக காரை இடம் மாற்ற வேண்டியதில்லை, நகரமே விலக்கு அளித்திருக்கிறது. பிறகு நீண்ட இருட்டு. பிப்ரவரி நடுவில் பிட்சர்களும், விக்கெட் கீப்பர் மாதிரியான கேட்சர்களும் ஃப்ளோரிடாவில் பயிற்சிக்குக் கூடும் வரை ஏழு பத்துக்கு டிவியில் ஒன்றும் இருக்காது. அதுவரை சீரியல் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.